வாசகர் கேள்விகள்: செம்பனை ஆலைக் கழிவு உரமாகுமா?

கேள்வி: பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையிலிருந்து, பழம் உதிர்த்த வெறுங்குலைகளை லோரியில் கொண்டுவந்து தருகிறார்கள். கத்தரி, வெண்டைப் பாத்தியில் அப்படியே போடலாமா? அடுத்த வீட்டில் நறுக்கி மண்ணோடு கொத்திவிட்டார்கள். செடியெல்லாம் மஞ்சளாகிவிட்டது.
– ஒரு வாசகி, பந்திங், சிலாங்கூர்

பதில்: அப்படியே மண்ணில் புதைக்காதீர்கள் அம்மா. மட்காத நாரை மண்ணுக்குள் போட்டால், அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) இழுத்துக்கொள்ளும். வெண்டைக்கு மிச்சமிருக்காது. அடுத்த வீட்டுச் செடிகள் பெரும்பாலும் அதனால்தான் மஞ்சளாகியிருக்கும். வெறுங்குலையில் ஐம்பது, அறுபது பங்கு கரிமத்துக்கு (கார்பனுக்கு) ஒரு பங்குதான் தழைச்சத்து. மட்கி, கரிமம் இருபது பங்கு அளவுக்கு இறங்கிய பிறகுதான் அது உரம்.

பேராக்கில் ஓர் ஆலையின் உரக்களத்தைக் கவனித்துக்கொண்டிருந்தவன் நான். வெறுங்குலையை யாராவது குப்பை என்றால் எனக்குப் பொறுக்காது. ஆலைக்குள் போகும் பழக்குலையில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் வெறுங்குலையாகவே வெளியே வருகிறது. அதில் ஒரு டன்னில் சுமார் 19 கிலோ பொட்டாஷ் உரத்துக்கும் 7 கிலோ யூரியாவுக்கும் ஈடான சத்து இருக்கிறது. காசு கொடுத்து மூட்டை மூட்டையாக வாங்கிப் போட்ட சத்துதானே, நிலத்துக்கே திரும்பட்டும்.

குலையைப் பாராங் கத்தியால் விரல் நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். முழுக்குலையாக மட்க ரொம்ப நாளாகும். ஓர் அடுக்குக் குலை, மேலே கொஞ்சம் கோழி எரு என்று இடுப்பளவு உயரத்துக்கு அடுக்குங்கள். முதல் சில நாளில் ஆரஞ்சு நிறப் பூஞ்சணம் பூக்கும், பயப்படவேண்டாம். அப்புறம் உள்ளே 60 டிகிரி வரை சூடு ஏறும். கையை விட்டால் வைத்திருக்க முடியாது. வாரம் ஒருமுறை கிளறுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் கசியவேண்டும், ஒழுகக்கூடாது.

மழைதான் பெரிய எதிரி. சாம்பல்சத்து (பொட்டாஷ்) தண்ணீரில் சுலபமாகக் கரைந்து போய்விடும். அதனால் மேலே தார்ப்பாய் கட்டுங்கள். அடியில் தேநீர் நிறத்தில் வடிகிற தண்ணீரைச் சாக்கடைக்கு விடாமல் வாளியில் பிடித்துக் குவியலுக்கே ஊற்றுங்கள். மூன்று மாதத்துக்குமேல் ஆனதும் புளித்த எண்ணெய் வாடை போய் மண்வாசனை வரும். அப்போது பாத்தியில் போடலாம்.

கேள்வி: ஆலைக் கழிவுநீர் கலந்தால் ஆற்றில் மீன் சாகிறது. அதே தண்ணீரை உரக்களத்தில் ஊற்றுகிறார்களாமே, விஷமில்லையா?
– ஒரு மாணவர், தெலுக் இந்தான்

பதில்: விஷமில்லை தம்பி. எண்ணெய் எடுக்கும்போது நீராவியும் தண்ணீரும்தான் சேர்க்கிறார்கள், ரசாயனம் சேர்ப்பதில்லை. ஆனால் அந்தத் தண்ணீரில் எண்ணெயும் பழச்சக்கையும் ஏராளம். அவற்றைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஆற்றிலிருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும்; மீன் மூச்சுமுட்டிச் சாகும். அந்த ஆக்சிஜன் தேவையை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளப்பார்கள். ஆலையிலிருந்து கொதிக்கக் கொதிக்க வரும்போது அது சுமார் 25,000. ஆற்றில் விட அனுமதித்த அளவை 1977ஆம் ஆண்டு விதிமுறை படிப்படியாகக் குறைத்து 100-க்குக் கொண்டுவந்தது. திறந்த குளங்களில் தேக்கிவைத்துக் குறைத்தால் மீத்தேன் வாயு கிளம்பி வானத்துக்குப் போகிறது. உரக்களத்திலோ, குவியலின் சூட்டிலேயே தண்ணீர் ஆவியாகிவிடும், சத்து தங்கிவிடும். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை.

ஆற்றில் மீன் மிதப்பதைப் பார்த்தால் இடம், நேரம், படத்தோடு சுற்றுச்சூழல் துறைக்குப் புகார் கொடுங்கள்.

கேள்வி: மறுநடவு செய்த என் செம்பனைத் தோட்டத்தில் வெறுங்குலை மேட்டைக் கிளறினால் கட்டைவிரல் தடிமனில் வெள்ளைப் புழு. என்ன செய்வது?
– ஒரு சிறுதோட்டக்காரர், குளுவாங்

பதில்: காண்டாமிருக வண்டின் புழுவாகத்தான் இருக்கும் ஐயா. வளர்ந்த வண்டு இளங்கன்றின் குருத்தைத் துளைக்கும். ஓலை விரியும்போது கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் இருக்கும். மேட்டை இன்றைக்கே கலையுங்கள். புழுக்களைப் பொறுக்குங்கள், கோழிகளையும் விடலாம். குலைகளை ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் ஒரே அடுக்காகப் பரப்பினால் வண்டுக்கு முட்டையிட வசதி இருக்காது. குலையை மட்டும் குறை சொல்லாதீர்கள். வெட்டிச் சாய்த்த பழைய மரம் மட்கிக் கிடந்தால் அதற்குள்ளும் நிறைய இருக்கும், அதையும் பிளந்து பாருங்கள். உரமாக்குவதாக இருந்தால், கிளறும்போது ஓரத்தில் இருப்பதை நடுவுக்குத் தள்ளுங்கள். அந்தச் சூட்டில் முட்டையும் புழுவும் பிழைக்காது.