மிஷின் எக்ஸ்போவுல யார்கிட்ட, எப்படிப் பேசுறது?

கேள்வி: ஓசூர்ல, மத்த கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் மிஷின்ல பார்ட் வெட்டிக் கொடுக்கிற ஒரு சின்ன சிஎன்சி ஜாப் ஒர்க் கம்பெனில சூப்பர்வைசரா இருக்கேன், டிப்ளமோ முடிச்சவன். சென்னையில நடக்கிற அடுத்த ஆக்மி மிஷின் எக்ஸ்போவுக்கு முதலாளி என்னையும் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிருக்கார். போன தடவை போய் ஒரு பை நிறைய கேட்லாக் தான் வாங்கிட்டு வந்தேன், யார்கிட்டயும் பேசல. இங்கிலீஷ் தடுமாறும். அஞ்சு நிமிஷம் பேசுற ஆளால என்ன பிரயோஜனம்? முதலாளி முன்னாடி வேற கம்பெனிக்காரங்ககிட்ட பேசினா தப்பா நினைக்க மாட்டாரா?
- பெயர் வேண்டாம், ஓசூர்

பதில்: தம்பி, பிரயோஜனம் இருக்கு, அதை முதல்ல சொல்லிடறேன். அமெரிக்காவுல மார்க் கிரானோவெட்டர்னு ஒரு சமூகவியல் ஆய்வாளர் 1973ல எழுதின கட்டுரையில, தெரிஞ்சவங்க மூலமா புது வேலைக்குப் போனவங்களைக் கேட்டுப் பார்த்தார், அந்தத் தெரிஞ்சவரை அடிக்கடி பார்த்துட்டு இருந்தோம்னு சொன்னவங்க 16.7 சதவீதம் தான், மீதி எல்லாரும் எப்பவாவது பார்க்கிற ஆள் தான்னு சொல்லிருக்காங்க. காரணம் சிம்பிள், உங்க கூடவே இருக்கிறவங்களுக்கு உங்களுக்குத் தெரிஞ்சது தான் தெரியும்.

ஆனா சும்மா போய் "ஹலோ சார்"னு நின்னா பேச்சு நகராது, கையில ஒரு பிரச்சனையை எடுத்துட்டுப் போங்க. உங்க ஷாப்ல எந்த இன்சர்ட் (மெட்டலை வெட்டுற, தேஞ்சா மாத்துற முனை) சீக்கிரம் போகுதோ, அந்தத் தேஞ்ச இன்சர்ட் நாலைஞ்சை ஒரு சின்ன ஜிப் கவர்ல போட்டு, எந்த மெட்டீரியல், என்ன ஸ்பீடு, என்ன ஃபீட், எத்தனை பீஸ் வந்துச்சுன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதி உள்ள வைங்க. கட்டிங் டூல் ஸ்டால்ல முன்னாடி நிக்கிற சேல்ஸ் ஆள்கிட்ட "அப்ளிகேஷன் இன்ஜினியர் இருக்காரா சார்"னு மட்டும் கேளுங்க, எந்த வேலைக்கு எந்த டூல், என்ன ஸ்பீடுன்னு சொல்றவர் அவர் தான். அவர் அதை வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, முனையில மெட்டல் ஒட்டிருக்கே, எஸ்எஸ் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா, ஸ்பீடு கம்மியா ஓட்டுறீங்களான்னு கேட்பார் பாருங்க, அங்க ஆரம்பிக்குது உங்க நெட்வொர்க்கிங். அந்தப் பேச்சுக்கு இங்கிலீஷே தேவையில்ல, ரன்அவுட், சக், கூலன்ட்னு நீங்க தினமும் பேசுற வார்த்தை தானே. எக்ஸ்போவை நடத்துறதே அம்பத்தூர் எஸ்டேட் உற்பத்தியாளர் சங்கம், நந்தம்பாக்கம் ஹால்ல தமிழ் பேசுற ஆளுக்கா பஞ்சம்! ஒண்ணு, கஸ்டமரோட டிராயிங்கையோ பார்ட் போட்டோவையோ மட்டும் யாருக்கும் காட்டாதீங்க, அது உங்க கம்பெனி நம்பிக்கை சம்பந்தப்பட்ட விஷயம்.

காலையில ஹால் திறந்த உடனே போயிடுங்க, மதியத்துக்கு மேல கூட்டம் ஏறிட்டா அவங்களால நின்னு பேச முடியாது. கடைசி நாள் வேண்டவே வேண்டாம், பாதிப் பேர் பேக்கிங்ல இருப்பாங்க.

ஸ்டால்ல உங்க பேட்ஜை ஸ்கேன் பண்ணுவாங்க, அதோட வேலை முடிஞ்சதுன்னு நிறைய பேர் நகர்ந்துடுறாங்க. உங்க நம்பர் அவங்களுக்குப் போச்சு, அவங்க நம்பர் உங்ககிட்ட எங்க இருக்கு? கார்டு கேட்டு வாங்கி, அங்கயே ஓரமா நின்னு அதுக்குப் பின்னாடி என்ன பேசினோம்னு ரெண்டு வார்த்தை எழுதிடுங்க, சாயந்திரம் எல்லா முகமும் ஒண்ணு போலத் தெரியும். மறுநாள் வாட்ஸ்அப்ல "சார், நேத்து எஸ்எஸ் 304 இன்சர்ட் காட்டினேனே, ஓசூர். நீங்க சொன்ன ஸ்பீடுல திங்கட்கிழமை ஓட்டிப் பார்த்துட்டுச் சொல்றேன்"னு அனுப்புங்க. சொன்னபடி ஓட்டிப் பார்த்து, நல்லா வந்தாலும் வராட்டியும் ரிசல்ட்டைச் சொல்லுங்க. இதைச் செய்றவங்க ரொம்பக் கம்மி தம்பி, அதனாலயே அவருக்கு உங்க பேர் ஞாபகம் இருக்கும். ஒரு நாளைக்கு மூணு பேர்கிட்ட இப்படி உருப்படியா பேசினாலே போதும்.

ஸ்டால்காரங்களோட நிறுத்திடாதீங்க. சாப்பாட்டு க்யூல உங்க முன்னாடி நிக்கிறவரும் ஏதோ ஒரு ஷாப்ல உங்களை மாதிரியே ரிஜெக்‌ஷனோட மல்லுக்கட்டுறவரா இருப்பார், "எங்கேர்ந்து சார் வர்றீங்க, என்ன மிஷின் வச்சிருக்கீங்க"னு கேட்டாலே கொட்டித் தீர்த்துடுவார்.

முதலாளி விஷயத்துக்கு வர்றேன். கிளம்புறதுக்கு முன்னாடியே "சார், இந்த இன்சர்ட் செலவு அதிகமா போகுது, ரெண்டு மூணு டூல் கம்பெனில கேட்டுட்டு வர்றேன்"னு அவர்கிட்ட சொல்லிடுங்க, கேட்டு வந்ததையும் அவருக்கு மறைக்காம சொல்லுங்க, அப்புறம் தப்பா நினைக்க அவருக்கு இடமே இருக்காது. உங்க மனசுல வேற வேலை தேடுற எண்ணம் இருந்தா அதுவும் தப்பில்ல, ஆனா அவர் காசுல போன இடத்துல அதைப் பேசாதீங்க. ரெண்டு மூணு மாசம் அந்த மெசேஜ் பழக்கம் ஓடட்டும், அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை போன் பண்ணிக் கேளுங்க.