பணவண்டிக் காவலருக்கு எந்த ஜாக்கெட்: கெவ்லாரா, பாலிஎத்திலீனா, செராமிக்கா?

கேட்டவர் மதுரையில் ஏடிஎம்முக்குப் பணம் நிரப்பும் வண்டியில் காவலராகப் போகிறவர். கம்பெனி புது பிபி ஜாக்கெட், அதாவது குண்டு துளைக்காத புல்லட் ப்ரூஃப் ஜாக்கெட், வாங்கப் போகிறதாம், இந்த மூன்றில் எது நல்லது என்கிறார். நான் துணை ராணுவத்தில் 21 வருடம் இருந்தவன். இப்போது ஒத்தக்கடையில் இருந்துகொண்டு இதே மாதிரி வண்டிகளுக்கு ஆள் அனுப்பும் வேலை. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில், இந்த மூன்றும் ஒரே வேலைக்குப் போட்டி போடுபவை இல்லை. கெவ்லாரும் பாலிஎத்திலீனும் நார். செராமிக் என்பது பீங்கான் மாதிரிக் கடினமான ஓடு.

நார் அடுக்குகள் பிஸ்டல் குண்டைப் பிடிப்பது கபடி மாதிரி. பாடி வருகிறவனை ஒருத்தன் நிறுத்த முடியாது. காலுக்கு ஒருத்தன், இடுப்புக்கு ஒருத்தன் என்று எல்லோரும் விழுந்தால் கோட்டைத் தொடமாட்டான். அப்படித்தான் குண்டின் ஈயம் தட்டையாகி, அதன் வேகம் நூற்றுக்கணக்கான இழைகளுக்குப் பங்காகி, நடுவிலேயே நின்றுபோகும். ஆனால் ஏகே ரைஃபிள் குண்டு நொடிக்கு 700 மீட்டருக்கு மேல் வருவது, முனையும் கூர். மெத்தென்ற நார் ஜாக்கெட் மட்டும் அதற்குப் போதாது. அங்கேதான் செராமிக் பிளேட். சிதறுதேங்காய் கல்லில் பட்டு உடைகிற மாதிரி குண்டு முனை அதில் உடையும். ஒரே வித்தியாசம், இங்கே கல்லும் சேர்ந்து உடைகிறது. உடைந்த துண்டுகளைப் பின்னாலிருக்கும் நார் பலகை பிடித்துக்கொள்ளும்.

கெவ்லார் என்பது அராமிட் வகை நாருக்கு டூபாண்ட் வைத்த பெயர், 1965இல் அங்கே ஸ்டெஃபனி குவாலெக் கண்டுபிடித்தது. ட்வாரான் அதே வகைதான். டைனீமா, ஸ்பெக்ட்ரா என்றால் பாலிஎத்திலீன். கேரி பேக் செய்கிற அதே குடும்பம்தான், மூலக்கூறு சங்கிலி மட்டும் மிக நீளம்.

காலாவதியான ஜாக்கெட் இரண்டைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். அராமிட் பேனல், அதாவது உறைக்குள் இருக்கும் நார் அடுக்கு, வைக்கோல் மஞ்சள், முரட்டுத் துணி, நல்ல கத்தரிக்கோலே அதில் திணறியது. பாலிஎத்திலீன் வெள்ளைத் தாள், மெழுகு பூசினது போல விரலில் வழுக்கும். இரண்டிலும் ஒரு துண்டை வாளித் தண்ணீரில் முக்கி விட்டேன். மஞ்சள் அடிக்குப் போனது, வெள்ளை மேலே வந்து மிதந்தது. ஒரு கன சென்டிமீட்டருக்கு அராமிட் 1.44 கிராம், பாலிஎத்திலீன் 0.97 கிராம். எடை மட்டும்தான் கணக்கு என்றால் வெள்ளைக்கே ஓட்டு.

ஆனால் நம் ஊர் சித்திரை வெயில் இருக்கிறதே. பாலிஎத்திலீன் 150 டிகிரிக்குக் கொஞ்சம் முன்பின்னாக உருகிவிடும், அதற்கு வெகு முன்பே தளரத் தொடங்கும். மாட்டுத்தாவணிப் பக்கம் மதியம் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வண்டியின் முன்பலகையில் அதைப் போட்டுவைக்காதீர்கள். ஒரே நாளில் கெட்டுவிடாது, ஆனால் தினமும் அப்படிக் கிடந்தால் நான் அதை நம்பமாட்டேன். அராமிட் உருகாது, 400 டிகிரி தாண்டித்தான் கருகும். அதற்கு எதிரி வெயிலின் புற ஊதாக் கதிரும் ஈரமும். எங்கள் பையன் ஒருவன் வியர்வை நாற்றம் தாங்காமல் உறையைப் பிரித்து, உள்ளே இருந்த பேனலைச் சோப்புப் போட்டுத் துவைத்து மாடியில் கொடியில் காயப்போட்டான், அதுவும் மூன்று நாள். மஞ்சள் பழுப்பாகிவிட்டது. துவைக்க வேண்டியது வெளி உறையை மட்டும்தான். பேனலை ஈரத்துணியால் துடைத்து நிழலில் வைத்தால் போதும்.

இந்த விஷயத்தில் பெரிய பாடம் ஸைலான். கெவ்லாரை விட வலுவான நார் என்று கொண்டாடினார்கள். 2003இல் அமெரிக்காவில் ஒரு போலீஸ்காரர் போட்டிருந்த ஸைலான் ஜாக்கெட்டைக் குண்டு துளைத்தது. ஈரமும் வெப்பமும் அந்த நாரைச் சீக்கிரம் அரித்துவிடுகின்றன என்று தெரிந்தது. 2005இல் அங்கே அதற்கு அங்கீகாரம் போனது.

செராமிக் பிளேட்டில் மூன்று வகை உண்டு, எடைக் கணக்கைப் பாருங்கள். 25க்கு 30 சென்டிமீட்டர், 8 மில்லிமீட்டர் தடிமன் என்றால் அலுமினா ஓடு மட்டும் சுமார் 2.3 கிலோ, சிலிக்கான் கார்பைடு 1.9, போரான் கார்பைடு 1.5. போரான் கார்பைடு வைரத்துக்கு அடுத்த வரிசைக் கடினம், விலையும் அப்படி. 2024இல் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவும் ஐஐடி டெல்லியும் சேர்ந்து அறிவித்த அபேத் ஜாக்கெட்டில் இருப்பது அதுதான். இரும்புப் பிளேட் போட்ட பழைய ஜாக்கெட்டோடு மலை ஏறியவன் நான், இந்த எடைக் குறைவின் அருமை என் இடுப்புக்குத் தெரியும். ஆனால் செராமிக்கைத் தரையில் தொப்பென்று போடக்கூடாது. உள்ளே விரிசல் விட்டால் வெளியே தெரியாது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மதுரைப் பக்கம் பணவண்டிக்காரர் பயப்பட வேண்டியது ஏகேக்கு இல்லை, அரிவாளுக்கும் சூரிக்கத்திக்கும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். குண்டுக்கான ஜாக்கெட் அரிவாள் வெட்டை ஓரளவு தாங்கும், ஆனால் கூரான கத்திமுனை இழைகளை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். மாடு பிடிக்கப் போகிற பையன்கள் கெவ்லார் போட்டால் கொம்பு குத்தாதா என்று என்னிடம் கேட்டதுண்டு. அதற்கும் இதே பதில்தான். குத்துக்குத் தனிச் சோதனை, தனி அடுக்கு உண்டு. விற்பவரிடம் அதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

என் தேர்வு: மெத்தென்ற அராமிட் நார் ஜாக்கெட், குத்து தாங்கும் அடுக்கோடு, பிளேட் செருகப் பை வைத்தது. பிளேட் இப்போது வேண்டாம். குண்டு பாதுகாப்புக்கு இந்தியத் தரம் ஐஎஸ் 17051, அதில் எந்த நிலைக்குச் சோதித்தது என்று காகிதத்தில் வாங்குங்கள். ஜாக்கெட் கைக்கு வந்ததும் பேனலில் ஒட்டியிருக்கும் சீட்டில் தயாரித்த மாதம், வருடம் பாருங்கள். மெத்தென்ற நார் பேனலுக்குப் பொதுவாக 5 வருடம்தான் உத்தரவாதம். எங்களுக்குப் புதுசு என்று வந்த ஜாக்கெட்டுகளில் அந்த உத்தரவாதத்தில் இரண்டரை வருடம் கிடங்கிலேயே கழிந்திருந்தது. அத்தனையையும் திருப்பி அனுப்பினோம்.