கேள்வி–பதில்: பெருக்கியும் வகுத்தலும் இல்லாமல் இன்டர்லீவர் முகவரி

கேள்வி: எல்டிஇ (4ஜி) டர்போ டிகோடருக்கு, அதாவது பிழை திருத்தும் அலகுக்கு, எஃப்பிஜிஏவில் (நாமே சுற்றமைக்கக்கூடிய சில்லில்) இன்டர்லீவர் எழுதுகிறேன்; பிட்களின் வரிசையைக் கலைத்து அடுக்கும் பகுதி அது. ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு வர்க்கம், இரண்டு பெருக்கல், கடைசியில் ஒரு வகுத்தல். கடிகார வேகம் ஏற மறுக்கிறது. எல்லா முகவரிகளையும் முன்பே கணக்கிட்டு ரோமில் (படிக்க மட்டுமான நினைவகத்தில்) போட்டுவிடலாமா?

போடலாம், ஆனால் வீண். எல்டிஇயில் 40 முதல் 6144 வரை 188 பிளாக் நீளங்கள். எல்லாவற்றையும் 13 பிட் அகலத்தில் எழுதினால் 3,55,248 வரிகள், சுமார் 46 லட்சம் பிட்.

தரநிலை தரும் சூத்திரம் இது: மு(வ) = (அ×வ + ஆ×வ²) என்பதை ந ஆல் வகுத்தால் வரும் மீதி. இதில் ந பிளாக் நீளம், வ வரிசை எண், அ, ஆ இரண்டும் நீளத்துக்கு நீளம் மாறும் எண்கள். சூத்திரத்தை அப்படியே வன்பொருளாக்கியதுதான் சிக்கல். டிகோடருக்கு முகவரிகள் வரிசையாகத்தான் தேவை. ஆகவே முந்தைய முகவரியோடு எவ்வளவு கூட்ட வேண்டும் என்று மட்டும் தெரிந்தால் போதும். அந்த வித்தியாசத்தை வி என்போம். அது அ+ஆ இல் தொடங்கி, ஒவ்வொரு அடிக்கும் 2ஆ ஏறும்.

ஒவ்வொரு கடிகாரத் துடிப்பிலும் செய்ய வேண்டியவை: மு ← மு+வி, வி ← வி+2ஆ. எது ந ஐ எட்டினாலும் ஒருமுறை ந ஐக் கழிக்க வேண்டும். இரண்டும் ஒரே துடிப்பில், பழைய வி ஐக் கொண்டே நடக்க வேண்டும். நீளம் 40க்கு அ=3, ஆ=10. வி: 13, 33, 13, 33… மு: 0, 13, 6, 19, 12, 25. சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள், அதேதான் வரும். ரோமில் நீளத்துக்கு இரண்டே எண்கள்: அ+ஆ, 2ஆ. மொத்தம் 4,888 பிட். இரண்டையும் மீதி எடுத்த பிறகே ரோமில் எழுதுங்கள். இல்லையென்றால் ஒரு கழித்தல் போதாமல் போகலாம்.

பலர் சறுக்கும் இடம் கூட்டியின் அகலம். முகவரி 13 பிட்டில் அடங்கும், கூட்டுத்தொகை அடங்காது. 6143+6143 = 12,286, அதற்கு 14 பிட் வேண்டும். சிறிய நீளங்களில் சோதித்தால் இந்தப் பிழை கண்ணில் படாது. வேகம் இன்னும் வேண்டுமென்றால் கூட்டுத்தொகையையும், அதிலிருந்து ந கழித்ததையும் பக்கத்தில் பக்கத்தில் கணக்கிட்டு, கழித்ததன் குறி பிட்டைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கூட்டி முடியும் வரை ஒப்பீடு காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: அதே முறையில் எழுதிவிட்டேன். 6144 நீளத்தில், ஒப்பிடுவதற்காக சி மொழியில் எழுதிய என் மாடலோடு 2992ஆவது முகவரியிலிருந்து பொருந்தவில்லை. விசித்திரம் என்னவென்றால், 5181 முதல் 5982 வரை மட்டும் மீண்டும் பொருந்துகிறது!

உங்கள் வன்பொருள் சரி, மாடல்தான் தவறு. 6144க்கு அ=263, ஆ=480. கடைசி வரிசை எண்ணில் மீதி எடுக்கும் முன் மதிப்பு சுமார் 1,811 கோடி, அதாவது 35 பிட். நீங்கள் 32 பிட் குறியில்லா எண்ணில் கணக்கிட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு முறை நிரம்பி வழியும்போதும் 4,29,49,67,296 காணாமல் போகிறது. அதை 6144 ஆல் வகுத்தால் மீதி 4096, ஆகவே முகவரி அந்த அளவு விலகும். மூன்று முறை வழிந்த பகுதியில் இழப்பு 12,288, சரியாக 6144இன் இரு மடங்கு. பிழை தானாக மறைந்துவிடுகிறது. அந்த 802 முகவரிகள் பொருந்துவது அதனால்தான். மாடலை 64 பிட்டுக்கு மாற்றுங்கள்.

கேள்வி: எட்டு டிகோடர் அலகுகளை இணையாக ஓட்டினால் நினைவக வங்கிகளில் (நினைவகத்தின் தனித்தனிப் பகுதிகளில்) மோதல் வராதா? இரண்டு அலகுகள் ஒரே வங்கியை ஒரே நேரத்தில் கேட்டால்?

வராது. இந்த இன்டர்லீவரின் பெரிய வசதியே அதுதான். 6144ஐ எட்டாகப் பிரித்தால் வங்கிக்கு 768. 768 இடைவெளியில் நிற்கும் எட்டு அலகுகளும் எந்தத் துடிப்பிலும் ஒரே உள்முகவரியைத்தான் கேட்கும். வங்கி எண் மட்டும் ஒவ்வொன்றுக்கும் வேறாக இருக்கும். எட்டு வங்கிகளுக்கும் ஒரே முகவரிக் கம்பி, நடுவே ஒரு எட்டு வழி மாற்றி, அவ்வளவே.

வங்கி எண்ணுக்காக 768 ஆல் வகுக்க வேண்டாம். மு, வி இரண்டையும் தொடக்கத்திலிருந்தே வங்கி எண், உள்முகவரி என்ற சோடியாக வையுங்கள். உள்முகவரி 768ஐ எட்டினால் 768 கழித்து வங்கி எண்ணில் 1 ஏற்றுங்கள். வங்கி எண் 3 பிட். 8 வந்தால் தானே பூஜ்யத்துக்குத் திரும்பும், 6144ஐக் கழிக்கும் வேலையும் மிச்சம். பின்னோக்கி ஓட முகவரியை ஆ−அ விலும் (இங்கே 217), முதலில் கழிக்க வேண்டிய வித்தியாசத்தை அ−3ஆ விலும் தொடங்கி, ஒவ்வொரு அடிக்கும் அந்த வித்தியாசத்தை 2ஆ குறையுங்கள். எதிர்ம எண் வந்தால் ந கூட்டுங்கள்.

கேள்வி: 802.11ஏ வைஃபை இன்டர்லீவரில் இரண்டு சூத்திரங்கள், இரண்டிலும் வகுத்தல். அங்கேயும் வழி உண்டா?

அங்கே இன்னும் எளிது. முதல் சூத்திரம் 16 பத்திகள் (நெடுவரிசைகள்) கொண்ட கட்டம்தான். 16-குவாம் என்ற பண்பேற்ற முறையில் ஒரு சின்னத்துக்கு (சிம்பலுக்கு) 192 பிட்; முகவரியோடு ஒவ்வொரு முறையும் 12 கூட்டுங்கள், 192ஐ எட்டினால் 191 கழியுங்கள்.

இரண்டாவது சூத்திரத்தில் பயமுறுத்தும் அந்த வகுத்தலின் விடை பத்தி எண்தான்; அது பிட்களை எண்ணும் எண்ணியின் கீழ் 4 பிட்டாக ஏற்கெனவே கையில் இருக்கிறது. 16-குவாமில் முகவரியின் கடைசி பிட்டையும் பத்தி எண்ணின் கடைசி பிட்டையும் ஒரு எக்ஸ்ஆர் கேட்டில் (இரண்டும் வேறானால் மட்டும் 1 தருவது) கொடுத்து, விடையை முகவரியின் கடைசி பிட்டாக வைத்தால் வேலை முடிந்தது: 0, 13, 24, 37… 64-குவாமில் கூட்டுவது 18, கழிப்பது 287. எக்ஸ்ஆர் கேட்டுக்குப் பதில், வரிசைக்கு ஒன்றும் பத்திக்கு ஒன்றுமாக 0, 1, 2 என்று சுற்றும் இரண்டு எண்ணிகள் வேண்டும். முகவரியிலிருந்து வரிசை எண்ணியைக் கழித்து, (வரிசை − பத்தி) என்பதன் மூன்றின் மீதியைக் கூட்டுங்கள். பத்தி எண்ணியை 16ஆவது பத்தி முடிந்ததும் பூஜ்யமாக்க மறக்காதீர்கள். 16 மூன்றால் வகுபடாது. விட்டால் இரண்டாவது வரிசையிலேயே முகவரிகள் தப்பிவிடும். பிபிஎஸ்கே, கியூபிஎஸ்கே பண்பேற்ற முறைகள் இரண்டுக்கும் இரண்டாவது சூத்திரமே தேவையில்லை.