கிணற்றடியில் என்ன இருக்கிறது?

கேள்வி: என் மகன் பாலிடெக்னிக் முடித்துவிட்டு, இரண்டு நண்பர்களோடு சேர்ந்து ஒரு கணினி விளையாட்டு செய்துகொண்டிருக்கிறான். பழைய கம்பத்துக் (கிராமத்துக்) கிணறு ஒன்றைச் சுற்றி நடக்கிறதாம். அதற்குள் இன்னொரு கதையை ஒளித்து வைத்திருக்கிறானாம், அதற்கு 'லோர்' என்று பெயராம். கிணற்றடியில் அப்படி என்னப்பா இருக்கிறது என்று கேட்டால், "விளையாடிப் பாருங்கம்மா" என்று சிரிக்கிறான். பெற்ற தாயிடமே சொல்லாத கதை வேறு யாருக்கு? இதெல்லாம் சோறு போடுமா?
– ஒரு வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: சோற்றுக்குப் பிறகு வருகிறேன். உங்கள் கேள்வியில் 'ஒளித்து' என்று ஒரு சொல் இருக்கிறதே, அதைத் தாண்டி எனக்கு அடுத்த வரிக்குப் போகவே மனம் வரவில்லை.

தமிழில் ஒளி என்றால் வெளிச்சம். ஒளி என்றால் பதுங்கிக்கொள் என்றும் பொருள். அதே எழுத்து, அதே ஓசை. "விளக்கின் ஒளி" என்கிறோம். அதே வாயால் பிள்ளையிடம் "கதவுக்குப் பின்னால் ஒளி" என்கிறோம். கண்ணாமூச்சி ஆடும் பிள்ளையைப் பாருங்கள். திரைச்சீலைக்குப் பின்னால் நிற்கும், கீழே இரண்டு பாதமும் தெரியும். தேடுகிறவர் பக்கத்தில் வந்தால் சிரிப்பை அடக்க முடியாமல் திரை ஆடும். யாருமே தேடி வரவில்லை என்றால் அழுதுவிடும். வங்கிப் புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டுகிறோமே, அது வேறு ஜாதி. அதை யாரும் தேடக் கூடாது. தம்பி கிணற்றடியில் வைத்திருப்பது திரைச்சீலைக்குக் கீழே தெரியும் பாதம். "விளையாடிப் பாருங்கம்மா" என்று அவர் சொன்னது உங்களுக்கு மறுப்பாகக் கேட்டிருக்கிறது. எனக்கு அது அழைப்பாகக் கேட்கிறது, அதுவும் முதல் அழைப்பு.

கணினி விளையாட்டுகளில் பேர்பெற்ற முதல் ஒளித்து வைத்த பொருள் எது தெரியுமா? ஒரு தொழிலாளியின் பெயர். 1980-ல் அட்டாரி நிறுவனம் 'அட்வென்சர்' என்ற விளையாட்டை வெளியிட்டது. அந்தக் காலத்தில் அந்த நிறுவனம் விளையாட்டைச் செய்தவர் யாரென்று எங்கேயும் போடாது. வாரன் ராபினெட் தனியாளாக அதை எழுதி முடித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் உள்ளே ஓர் அறையை வைத்தார். அதற்குள் போக வேண்டுமானால் ஒரே ஒரு புள்ளியைக் கண்டெடுத்து, கையில் எடுத்துக்கொண்டு, சரியான சுவருக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தப் புள்ளியும் தரையின் சாம்பல் நிறத்திலேயே இருக்கும். அறைக்குள் நுழைந்தால் "உருவாக்கியவர் வாரன் ராபினெட்" என்று நிறம் மாறி மாறி மின்னும். அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டியிலிருந்து ஒரு பதினைந்து வயதுப் பையன் அதைக் கண்டுபிடித்து நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினான். அதற்குள் ராபினெட் வேலையை விட்டே போய்விட்டார். விளையாட்டுக்குள் ஒளித்து வைக்கும் பொருளை இன்று ஈஸ்டர் முட்டை என்று சொல்கிறார்களே, அந்தப் பெயர் அங்கிருந்து வந்ததுதான். மேலதிகாரிகளால் துடைக்க முடியாத இடத்தில் ஒரு மனிதர் தன் பெயரை வைத்துவிட்டுப் போனார். முன்பின் தெரியாத ஒரு பிள்ளை அதைத் தேடி எடுத்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

சொல்லாமல் விடுவதைப் பற்றி இந்தப் பக்கத்தில் எனக்கு ஒரு பழைய சண்டை உண்டு. நெடுநாள் வாசகர்களுக்குத் தெரியும். கவியரங்கத்தில் பன்னிரண்டு வரிக் கவிதை வாசித்துவிட்டு, "இதில் நான் சொல்ல வந்தது என்னவென்றால்" என்று கால் மணி நேரம் பேசுகிற கவிஞர்களோடுதான். கதைப் போட்டிக்கு அனுப்பும் கதையின் அடியில் 'நீதி' என்று ஒரு பெட்டி கட்டுகிறவர்களோடும்தான். போன தடவை இதை எழுதியபோது மூன்று பேர் சந்தாவை நிறுத்தினார்கள். இப்போதும் அதையேதான் சொல்கிறேன்: வாசகர் கண்டுபிடிக்க வேண்டியதை எழுதியவரே வந்து எடுத்துக் கொடுப்பது, பிள்ளை ஒளிந்த இடத்திலிருந்து "நான் இங்கேதான் இருக்கேன்" என்று கத்துகிற மாதிரி. ஆட்டம் அங்கேயே முடிந்துபோகும்.

எங்கள் புளோக்கில் அடுத்த வீட்டுப் பையன் தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறான். ஒருநாள் மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது, கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்றைத் திறந்து காட்டினான். பக்கம் முழுக்கக் குச்சிக் குச்சியாகக் கோடுகள். 'டியூனிக்' என்ற விளையாட்டில் வருகிற எழுத்தாம். ஆண்ட்ரூ ஷௌல்டிஸ் என்ற கனடாக்காரர் செய்து 2022-ல் வெளிவந்தது; குட்டி நரி ஒன்று வாளோடு அலையும். வழியில் விளையாட்டின் கையேட்டுப் பக்கங்கள் ஒவ்வொன்றாகக் கிடைக்கும். ஆனால் பெரும்பகுதி யாருக்கும் தெரியாத எழுத்தில் இருக்கும். (இன்னும் விளையாடாதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள். நான் கெடுத்த பாவம் வேண்டாம்.)

பையன் பென்சிலால் தொட்டுக் காட்டினான். "அங்கிள், வெளிப்பக்கம் இருக்கிற கோடெல்லாம் உயிர். உள்ளே இருக்கிறது மெய். ரெண்டையும் சேர்த்து ஒரே எழுத்தா போட்டுட்டாங்க." அடியில் சில எழுத்துகளுக்கு ஒரு சின்ன வட்டம் இருந்தது. அது என்ன என்றேன். "அது இருந்தா உயிரை முதல்ல படிக்கணும், மெய் அப்புறம்." அந்த எழுத்துக்குள் இருப்பது ஆங்கிலம்தான். ஆனால் பையனுக்கு வழி காட்டியது தமிழ் வகுப்பில் படித்த உயிர்மெய் அட்டவணை. நம் 'கெ'யைப் பாருங்கள், கொம்பு முன்னால் நிற்கிறது, எகரத்தின் ஓசை பின்னால் வருகிறது. எழுதும் வரிசையும் ஒலிக்கும் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது அவனுக்கு ஆறு வயதிலேயே கைவந்த விஷயம். மின்தூக்கி வந்து கதவு திறந்து மூடிப் போய்விட்டது. நாங்கள் இருவரும் அங்கேயே நின்றுகொண்டிருந்தோம்.

தம்பி 'லோர்' என்று சொல்வதற்கு நம்மிடம் பழைய சொல் ஒன்று இருக்கிறது: உள்ளுறை. ஒரு மருதப் பாட்டில், தொழுவத்துச் சேற்றில் நிற்கப் பிடிக்காத எருமை ஊர் தூங்கும் நேரத்தில் கயிற்றை அறுத்துக்கொண்டு கிளம்புகிறது. கொம்பால் முள்வேலியைத் தள்ளி, குளத்தில் இறங்கி, வள்ளைக் கொடியைக் குலைத்து, தாமரையைத் தின்கிறது. எருமை யார்? பரத்தை வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து நிற்கிற கணவன். "எருமை என்றது இன்னாரை" என்று புலவர் எங்கேயும் எழுதவில்லை. அதைப் பின்னால் வந்த உரைகாரர்கள் எழுதினார்கள். அவர்கள் எழுதலாம், தேடியவர்கள் அல்லவா!

எருமை என்றதும் நம்மூர்தான் ஞாபகம் வருகிறது. டெக்கா பக்கத்தில் பஃபலோ ரோடு இருக்கிறது, கொஞ்சம் தள்ளிக் கெர்பாவ் ரோடு இருக்கிறது. கெர்பாவ் என்றாலும் மலாயில் எருமைதான். ஒரு காலத்தில் அந்த வட்டாரம் முழுக்க மாட்டு வியாபாரம். கேகே மருத்துவமனையின் 'கேகே' கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம். 1966-ல் மட்டும் அங்கே 39,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. ஒருவேளை நீங்களும் அங்கே பிறந்தவராக இருக்கலாம். இத்தனை பேரின் பிறப்புச் சான்றிதழுக்குப் பின்னால் ஓர் எருமைத் தொழுவம் சத்தமில்லாமல் நிற்கிறது. தினமும் அந்த வழியாகப் போகிறோம், பெயரைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் போதும், மாட்டு மணி கேட்கும். தம்பி தன் கம்பத்துக் கிணற்றில் இப்படி ஏதாவது வைத்திருந்தால் அவருக்கு என் கைகுலுக்கல்.

சரி, ஒளித்து வைக்கிறவரிடமும் எனக்கு ஒரு கண்டிப்பு உண்டு. உள்ளே ஒன்றுமே வைக்காமல் "இருக்கிறது, தேடுங்கள்" என்று கண்சிமிட்டினால் அது பொய். வைத்திருந்தால் மட்டும் போதாது, வழியும் வைக்க வேண்டும். 2012-ல் வந்த 'ஃபெஸ்' விளையாட்டில் ஒரு கருங்கல் புதிர் உண்டு. ரசிகர்கள் கூட்டமாகச் சேர்ந்து, எந்தப் பொத்தானுக்குப் பின் எந்தப் பொத்தான் என்று மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்துத்தான் அதைத் திறந்தார்கள். திறந்த பிறகும், இந்த விடைக்கு எந்தக் குறிப்பு வழியாக வந்திருக்க வேண்டும் என்று எல்லாரும் ஒப்புக்கொள்ளும் விளக்கம் கிடைக்கவில்லை. அது எனக்குப் பிடிக்காத ஒளிப்பு. வாசல் இல்லாத அறைக்குள் பொருளை வைப்பதில் என்ன விளையாட்டு இருக்கிறது? தம்பியிடம் இதை மட்டும் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: கிணற்றைப் பார்க்கிற முதல் நிமிடத்திலேயே, ஒரு வாளியோ கயிறோ, ஏதோ ஒன்று "இங்கே பார்" என்று மெதுவாகக் கூப்பிட வேண்டும்.

சோறு. நம்மூரில் தி ஜென்டில்புரோஸ் என்ற சிறு குழு 2017-ல் பூனைகளை வைத்து 'கேட் குவெஸ்ட்' செய்தது. 2019-ல் இரண்டாம் பாகம், 2024-ல் மூன்றாம் பாகம் வந்தது. சோறு வந்திருக்கிறது என்றுதானே அர்த்தம். ஆனால் காத்திருக்க வேண்டும்: டியூனிக் முடிய ஏழு ஆண்டு ஆயிற்று. அதுவரை வீட்டில் நீங்கள் போடுங்கள்.

இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் தம்பி பக்கத்தில் உட்காருங்கள். எந்தப் பொத்தான் எதற்கு என்று மட்டும் கேளுங்கள், கிணற்றைப் பற்றிக் கேட்காதீர்கள். நீங்கள் தப்பான பக்கம் போகும்போது அவர் முகத்தைப் பாருங்கள், பக்கத்தில் நெருங்கும்போதும் பாருங்கள். திரைச்சீலை ஆடும். கிணற்றடியில் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டால் தயவுசெய்து எனக்கு எழுத வேண்டாம். விளையாட்டு வெளிவந்ததும் வாங்கப்போகிறவர்களில் நானும் ஒருவன்.