பால் பவுடர் டின்னோடு பாட்டில் ஃப்ரீ கொடுத்தால் என்ன தப்பு?

கேள்வி இதுதான்: "கடையில் எல்லாப் பொருளுக்கும் ஆஃபர் போடுகிறோம். கைக்குழந்தைப் பால் பவுடருக்கு மட்டும் போடக்கூடாது என்கிறார்களே, உண்மையா? போட்டால் யார் கேட்கப் போகிறார்கள்?"

கேட்டவர் புதிதாகக் கடை திறந்தவர் என்று நினைக்கிறேன். பவுடர் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி, அதாவது ரெப் வந்து, பத்து டின் எடுத்தால் ஒன்று ஃப்ரீ, கஸ்டமருக்குப் பாட்டில் ஃப்ரீ, கல்லாவுக்குப் பக்கத்தில் வைக்க ஒரு அட்டை ஸ்டாண்டு என்று சொல்லியிருப்பார். எனக்கும் அப்படித்தான் சொன்னார். கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கும் குலசேகரத்துக்கும் நடுவில் ஒரு ஜங்ஷனில் 2008-லிருந்து மெடிக்கல் கடை வைத்திருக்கிறேன். டி.பார்ம் படித்த நானேதான் பார்மசிஸ்ட், நானேதான் ஓனர். உங்கள் கேள்வியின் கடைசி வரியைப் படித்த பிறகு பேசாமல் தாண்டிப் போக முடியவில்லை. அதே வார்த்தையை நானும் ஒருநாள் சொன்னேன்.

முதலில் நேர்ப் பதில். உண்மைதான், போடக்கூடாது. பால் பவுடர், பாலூட்டும் பாட்டில், டின்னில் வரும் குழந்தை உணவு ஆகியவற்றுக்கென்றே 1992-ல் மத்திய அரசு ஒரு சட்டம் போட்டது. பெயர் நீளம், ஐ.எம்.எஸ். சட்டம் என்பார்கள். 1993 ஆகஸ்டிலிருந்து நடப்பில் இருக்கிறது. 2003-ல் திருத்தி இன்னும் இறுக்கினார்கள். இரண்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கான பால் பவுடருக்கும் டின் உணவுக்கும், பாட்டிலுக்கும் எந்த விளம்பரமும் கூடாது. டிவியும் பேப்பரும் மட்டும் விளம்பரம் இல்லை. கடைக்குள் ஒட்டும் நோட்டீசும், லைட் போட்டுக் காட்டும் போர்டும், மைக்கில் சொல்வதும் அதில் அடக்கம். வாங்கத் தூண்டுகிற வழி எதுவானாலும் அது பிரமோஷன்தான். சாம்பிள் கொடுப்பது, பரிசு கொடுப்பது, கர்ப்பிணியையோ பெற்றவளையோ தேடிப்போய்ப் பேசுவது எல்லாம் தப்பு. கடையில் நிற்கிற பெண்ணுக்கு இத்தனை டின் விற்றால் இவ்வளவு என்று கமிஷன் கொடுப்பதும் தப்பு. இது பல கடைக்காரர்களுக்குத் தெரியாது. மீறினால் மூன்று வருடம் வரை சிறை, அல்லது 5000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் விற்பதற்குத் தடை கிடையாது. கேட்டு வருபவருக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

நான் வக்கீல் இல்லை. இதெல்லாம் பட்ட பிறகு உட்கார்ந்து படித்தது.

2012 என்று ஞாபகம். பக்கத்து ஊர்ப் பாட்டி ஒருவர் சாயங்காலம் வந்தார். மகளுக்கு ஆபரேஷன் செய்து எடுத்த பிள்ளை, பிறந்து இருபது நாள். "மக்ளே, பிள்ளைக்கு பாலு போதல்ல, ராத்திரி முழுக்க ஒரே அழுகை, ஒரு பால்பொடி தா" என்றார். டாக்டர் சீட்டு இருக்கிறதா, நர்ஸிடம் காட்டினீர்களா என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. கல்லாவுக்குப் பக்கத்திலேயே ரெப் வைத்துவிட்டுப் போன ஸ்டாண்டு நின்றது. அதில் கன்னம் குண்டான ஒரு பிள்ளையின் படம். "இத எடுங்க பாட்டி, பாட்டில் ஃப்ரீ" என்று நானே எடுத்துக் கொடுத்தேன். பாட்டிக்கு அந்த பாட்டில் பெரிய சந்தோஷம். படத்தைப் பார்த்து, "இது குடிச்சா பிள்ளை இப்பிடி ஆயிரும், இல்லியா?" என்றார். நானும் தலையாட்டினேன்.

பால் ஊறுவது பிள்ளை சப்புகிற கணக்கில்தான். பிள்ளை எவ்வளவுக்கு இழுத்துக் குடிக்கிறதோ அவ்வளவுக்குத் திரும்ப ஊறும். ராத்திரி ஒரு நேரம் பாட்டில் கொடுத்தால் அந்த ஒரு நேரத்துச் சப்பல் குறையும், மறுநாள் பால் குறையும், அப்புறம் இரண்டு நேரம் பாட்டில் ஆகும். போதவில்லை என்று சொல்லி வருகிற வீட்டில் நாம் ஃப்ரீயாகக் கொடுக்கும் பாட்டில்தான் நிஜமாகவே போதாமல் ஆக்கிவிடுகிறது. படித்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். மாதத்துக்கு நாற்பது டின் எடுத்தால் டார்கெட் என்ற நினைப்பில் இருந்தேன்.

அந்தப் பாட்டி பற்றில், அதாவது கடன் சொல்லி வாங்குகிறவர். மகள் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில் வேலை. நாள் முழுக்க உட்கார்ந்து அண்டி தல்லி (முந்திரிக் கொட்டை உடைத்து) வாங்குகிற கூலி ஒரு டின்னுக்குப் பற்றாது. மூன்று மாதம் கழிந்து ஒருநாள் பற்று நோட்டைக் கூட்டிக்கொண்டிருந்தபோது அவர்கள் பக்கத்தில் தேதிகள் கண்ணில் பட்டன. 4-ஆம் தேதி ஒரு டின். 16-ஆம் தேதி ஒரு டின். 29-ஆம் தேதி ஒரு டின். அதற்குள் தாய்ப்பால் நின்று முழுக்க பாட்டில்தான் என்று பாட்டியே சொல்லியிருந்தார்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. டின்னின் பின்பக்கம் எடுத்துப் பாருங்கள்: 30 மில்லி தண்ணீருக்கு ஒரு அளவுக் கரண்டி. ஒரு கரண்டி நாலரை கிராம் அளவுக்கு வரும். ஐந்து கிலோ எடையுள்ள பிள்ளை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 750 மில்லி குடிக்கும், அதாவது 25 கரண்டி. 400 கிராம் டின் நாலு நாள் தாண்டாது. இங்கே பன்னிரண்டு நாள் ஓடுகிறது.

அடுத்த தடவை பாட்டி வந்தபோது எத்தனை கரண்டி போடுகிறீர்கள் என்று கேட்டேன். மறைக்கவெல்லாம் இல்லை. "பாட்டிலு நிறைய வெள்ளத்துக்கு (தண்ணீருக்கு) ரெண்டு கரண்டி போடுவேன் மக்ளே. நல்ல வெள்ளையா வருமே. நாலு நாளு கூட நிக்கும் கேட்டியா" என்றார். சிக்கனமாக நடத்துகிறோம் என்ற பெருமை அந்தக் குரலில் இருந்தது.

அன்றைக்கே எங்கள் பகுதி கிராம சுகாதார நர்ஸ் கடைக்கு வந்தார்கள். எல்லாரும் நர்ஸம்மா என்றுதான் கூப்பிடுவோம். விஷயத்தைச் சொன்னேன். அவர்கள் முதலில் ஸ்டாண்டைப் பார்த்தார்கள். பிறகு ஒரு டின்னை எடுத்து என் கையில் கொடுத்து, "சோப்பு டப்பாவுல பிள்ளை படம் இருக்கு, டயப்பர் கவருல இருக்கு. இதுல எங்கயாவது பிள்ளை படம் இருக்கா பாரு" என்றார்கள். திருப்பித் திருப்பிப் பார்த்தேன், இல்லை. டின்னில் பிள்ளை படமோ தாய் படமோ போடக்கூடாது, தாய்ப்பால்தான் சிறந்தது என்று எழுதியே ஆக வேண்டும் என்று சட்டம் இருப்பதாக அவர்கள் சொல்லித்தான் தெரியும். "டின்னுல போடக்கூடாதுன்னா அட்டையில மட்டும் போடலாமா?" என்று கேட்டார்கள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "எல்லாக் கடையிலயும் இருக்கு நர்ஸம்மா, இத யாரு கேக்கப் போறா" என்றேன்.

"நான் கேக்கேன்" என்றார்கள். கடையை என் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு அப்படியே அவர்களோடு நடந்தேன்.

அந்த வீட்டில் நான் பார்த்ததை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. மூன்றரை மாதப் பிள்ளை, தராசுக் கொக்கியில் துணித்தூளி கட்டி நிறுத்தினால் நாலு கிலோகூட இல்லை. தொடைத்தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. தலைமாட்டில் நான் கொடுத்த பாட்டில். அதில் மிச்சம் இருந்த பால் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது, மூடியின் வளையத்துக்குள் பழைய பால் காய்ந்து மஞ்சளாக ஒட்டியிருந்தது. பிள்ளை அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆசாரிபள்ளம் அரசு ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தார்கள். அதன் பிறகு நர்ஸம்மா தினமும் போய் அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு நாளைக்குப் பத்துத் தடவைக்குக் குறையாமல் பிள்ளையை மார்பில் போடச் சொன்னார்கள். பாட்டிலைத் தூக்கி எறியச் சொல்லிவிட்டு, சரியான அளவில் கலக்கிய பாலைப் பாலாடையில் (பால் புகட்டும் சங்கில்) ஊட்டச் சொன்னார்கள். மூன்று வாரத்தில் பால் திரும்ப ஊறியது. முழுசாக இல்லை, பாதிக்குப் பாதி என்று சொல்லலாம். ஆறு மாதம் வரை பவுடரும் வேண்டியிருந்தது. அந்த டின்களுக்கு நான் பற்று எழுதவில்லை. பாட்டி என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதும் இல்லை. அவருக்கு இன்று வரை நான் உதவி செய்த மக்ள்தான்.

பின்னாடி படித்துத் தெரிந்துகொண்டேன். 1981 மே மாதம் உலக சுகாதார அமைப்பின் கூட்டத்தில் 118 நாடுகள் சேர்ந்து பால் பவுடர் விற்பனைக்கான நெறிமுறையை நிறைவேற்றின. எதிர்த்து ஓட்டுப் போட்ட ஒரே நாடு அமெரிக்கா. கடையில் தனி டிஸ்பிளே, தள்ளுபடிக் கூப்பன், ஒன்றோடு ஒன்று சேர்த்து விற்பது எல்லாம் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. நம் சட்டமும் அதன் வழியில் வந்ததுதான். ஏழை நாடுகளில் நர்ஸ் உடுப்புப் போட்ட விற்பனைப் பெண்களை அனுப்பி பவுடரைப் பழக்கிவிட்டு, அப்புறம் வாங்கக் காசில்லாத வீடுகள் தண்ணீரை ஊற்றி நீட்டி, பிள்ளைகள் வாடிப்போன பிறகு வந்த நெறிமுறை அது. எங்கோ ஆப்பிரிக்காவில் நடந்ததாக எழுதியிருந்ததை என் பற்று நோட்டிலேயே நான் பார்த்திருக்கிறேன்.

இதற்குக் கீழே கமெண்டில் சண்டைக்கு வருவீர்கள் என்று தெரியும். பவுடர் கொடுக்கிற தாய்மாரை நான் குறை சொல்லவில்லை. என் சொந்தத் தங்கைக்கு ஏழாம் மாதத்தில் பிறந்த பிள்ளை, டாக்டர் சொல்லிப் பவுடர் கொடுத்துத்தான் வளர்த்தோம். இன்றைக்கு நன்றாக இருக்கிறான். தாய் இல்லாத பிள்ளை, தாய்க்குக் கடுமையான சிகிச்சை நடக்கிற வீடு, எத்தனையோ காரணம் இருக்கும். அவர்கள் கேட்டு வந்தால் எடுத்துக் கொடுத்து, கரண்டி அளவை இரண்டு தடவை சொல்லி அனுப்புவேன். வேலைக்குப் போகிறவள் என்ன செய்வாள் என்று கேட்பீர்கள். 26 வாரப் பேறுகால விடுப்பு என்று 2017-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். வீட்டுத் திண்ணையில் கிலோ கணக்குக்கு அண்டி தல்லுகிறவளுக்கு அதை யார் கொடுக்கிறார்கள்? அந்தக் கோபத்தைத் தாய் மேல் காட்டாதீர்கள், ஆஃபர் போடுகிற நம் மேல் காட்டுங்கள்.

      

சரி, உங்கள் கடைக்கு வருவோம். ஸ்டாண்டையும் போஸ்டரையும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். டின்களைக் கவுண்டருக்குப் பின்னால், கேட்டால் எடுத்துக் கொடுக்கிற மாதிரி வையுங்கள். பாட்டிலை எதோடும் ஃப்ரீயாகக் கட்டாதீர்கள். கடைப் பெண்ணுக்குச் சம்பளத்தைக் கூட்டிக் கொடுங்கள், டின் கணக்கில் கொடுக்காதீர்கள். ரெப் விடாமல் தொந்தரவு செய்தால், அவர் கொடுத்த நோட்டீசையும் அட்டையையும் போட்டோ எடுத்து மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் எழுத்தாகக் கொடுங்கள். நான் ஒரு தடவை கொடுத்திருக்கிறேன். அதற்குப் பிறகு அந்த ஆள் என் கடைக்கு வரவில்லை, சரக்கு மட்டும் வழக்கம் போல வருகிறது.

யாராவது பால் போதவில்லை என்று சொல்லி வந்தால் டின்னை எடுப்பதற்கு முன்னால், பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை தடவை மூத்திரம் போகிறது என்று கேளுங்கள். பிறந்து ஒரு வாரம் தாண்டிய பிள்ளை, தாய்ப்பால் மட்டும் குடித்து ஆறு தடவைக்கு மேல் துணியை நனைத்தால் பெரும்பாலும் பால் போதும் என்று அர்த்தம். உங்கள் ஊர் நர்ஸின் போன் நம்பரைக் கல்லா மேலேயே எழுதி ஒட்டி வைத்திருங்கள், குறைவாக இருந்தால் அங்கேயே நின்று கூப்பிட்டுப் பேச வையுங்கள். என் கடையில் அந்த ஸ்டாண்டு நின்ற இடத்தில் இப்போது அந்த நம்பர்தான் ஒட்டியிருக்கிறது.