விடை தெரிந்தும் பஸ்ஸரில் தோற்பது ஏன்?

கேள்வி: டிவி வினாடி வினா பார்க்கும்போது பாதிக்கு மேல் சரியாகச் சொல்லிவிடுகிறேன். நண்பர்களோடு பஸ்ஸர் வைத்து விளையாடினால் மட்டும் எனக்குக் கடைசி இடம். ஒரு நிகழ்ச்சிக்கு விண்ணப்பித்திருக்கிறேன். பணம் கட்டினால் கேள்வி வங்கி தந்து, இடமும் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: அந்த ஆளுக்குச் சல்லிக்காசு கொடுக்காதீர்கள். அவர் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

விடை உங்களுக்குத் தெரிகிறது, விரல்தான் பிந்துகிறது அல்லது முந்துகிறது. அமெரிக்காவின் 'ஜெப்பர்டி' என்ற டிவி வினாடி வினாவில் தொகுப்பாளர் கேள்வியை வாசித்து முடித்த பிறகே பஸ்ஸர் வேலை செய்யும். அதை ஊழியர் ஒருவர் கையால் திறந்துவிடுவார், விளக்கு எரியும். அவசரப்பட்டு முன்பே அழுத்தினால் உங்கள் பஸ்ஸர் கால் நொடி பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் நிற்பவருக்கு அந்தக் கால் நொடி தாராளம். அதனால் வீட்டிலும் எழுந்து நின்று பாருங்கள். கையில் ஒரு பால்பாயின்ட் பேனா போதும். தொகுப்பாளர் கடைசிச் சொல்லை முடிக்கும்போது அதன் தலையை 'டிக்' என்று அழுத்துங்கள். பத்து நாளில் அவர் மூச்சு விடும் இடம்கூடப் பிடிபட்டுவிடும்.

படிப்புக்கு, தெரியாத துறைகளில் சிறுவர் நூல்களைப் புரட்டுங்கள். 2019இல் அதே நிகழ்ச்சியில் ஒரே ஆட்டத்தில் 1,31,127 டாலர் வென்ற ஜேம்ஸ் ஹோல்ஸ்ஹவர் அப்படித்தான் தயாரானார்.

சரி, கேள்வி வங்கி. என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒருவர் காசு கொடுத்து வாங்கிய கட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். கஜகஸ்தானின் தலைநகர் ஒரு பக்கத்தில் அல்மாட்டி, இன்னொரு பக்கத்தில் நூர்சுல்தான். அல்மாட்டி பழைய தலைநகர், நூர்சுல்தான் இப்போதைய தலைநகர் அஸ்தானாவின் பழைய பெயர். பழைய பொது அறிவுப் புத்தகங்களை நகலெடுத்துத் தைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒருவேளை உங்களிடம் பணம் கேட்பவர் கையில் நிஜக் கேள்வியே இருந்தால் அது இன்னும் மோசம். 1950களில் 'ட்வென்ட்டி ஒன்' நிகழ்ச்சியில் விடைகளை முன்கூட்டியே கொடுத்தது அம்பலமாகி, 1960இல் அமெரிக்கா அதற்கென்றே சட்டத்தைத் திருத்தியது. மாட்டினால் முதலில் நாறுவது போட்டியாளர் பெயர்தான்.

இடம் வாங்கித் தர யாராலும் முடியாது. தேர்வுக்குக் காசு கேட்டால் மோசடி. ஒரே ஒரு விலக்கு உண்டு. சில நிகழ்ச்சிகளில் பதிவு செய்யும் தொலைபேசி அழைப்புக்கோ குறுஞ்செய்திக்கோ கூடுதல் கட்டணம் இருக்கும். பிரிட்டனில் 1998இல் 'மில்லியனர்' தொடங்கியபோதும் அப்படித்தான். ஆனால் அந்த எண்ணை நிகழ்ச்சியே திரையில் அறிவிக்கும். பணம் அழைப்புக்கான கட்டணமாகப் போகும், தனி ஆள் கைக்குப் போகாது. கட்டியதால் தேர்வும் உறுதியாகாது. இந்த மூன்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் அது விலக்கில் சேராது. 'பரிசு விழுந்திருக்கிறது, முதலில் வரியைக் கட்டுங்கள்' என்று வரும் அழைப்பும் இதில் சேராது. போனை வைத்துவிடுங்கள்.

தேர்வானால் ஒப்பந்தத்தை முன்பே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். படப்பிடிப்பு நாள் காலையில், ஒப்பனைக்கு நடுவே பக்கம் பக்கமாக நீட்டி 'கையெழுத்துப் போடுங்க' என்பார்கள். இத்தனை கேமரா வாங்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பத் தெரியாது. ஒப்பந்தத்தில் இரண்டு இடம் முக்கியம்: பரிசு எப்போது கைக்கு வரும், சேனலிலோ விளம்பரதாரரிடமோ வேலை பார்க்கும் உறவினர் இருந்தால் தகுதி போகுமா. உங்கள் மைத்துனர் அங்கே வேலை பார்க்கிறார் என்றால் இப்போதே எழுதிக் கேட்டுவிடுங்கள்.