கீழ்த்தாடையில் எஞ்சியுள்ள இரண்டு கோரைப்பற்களையும் பிடுங்கிவிட்டுத்தான் பல்செட் கட்ட வேண்டுமா?

உங்கள் தந்தைக்கு 68 வயது என்றும், மேலே முழுப் பல்செட் இருக்கிறது, கீழே இரண்டு கோரைப்பற்கள்தான் மிச்சம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பல்செட் கட்டுவதையே பல ஆண்டுகளாகச் செய்துவரும் பல் மருத்துவன் என்ற முறையில் சொல்கிறேன்: பிடுங்கச் சம்மதிக்கும் முன், வேர்களையாவது வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள்.

வேர் இருக்கும் வரையில்தான் அதைச் சுற்றியுள்ள எலும்பு நிலைக்கும். பிடுங்கிய முதல் ஆண்டில் எலும்பு வேகமாகக் கரையும். அதன்பின் வேகம் குறையுமே தவிர, கரைவது நிற்காது. மேல்தாடையைவிடக் கீழ்த்தாடையில் இந்த இழப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு என்று டால்கிரென் என்ற ஆய்வாளர் 1972-இல் எழுதினார். 1978-இல் க்ரம், ரூனி ஆகிய இருவர் வெளியிட்ட ஐந்தாண்டு ஆய்வில், கீழ்க் கோரைப்பல் வேர்களின்மேல் பல்செட் அணிந்தவர்களுக்குத் தாடையின் முன்பகுதியில் சராசரியாக 0.6 மில்லிமீட்டர் எலும்பே குறைந்திருந்தது. எல்லாப் பற்களையும் இழந்து பல்செட் அணிந்தவர்களுக்கோ 5.2 மில்லிமீட்டர் குறைந்திருந்தது. மேல்செட் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். நாக்கு அசையும்போதெல்லாம் தூக்கப்படும் கீழ்செட்டுக்குப் பிடிமானமாக இருப்பது அந்த எலும்பு மேடு மட்டுமே. கடிக்கும் அழுத்தத்தை உணரும் நரம்புகள் வேரைச் சுற்றிய சவ்வில் இருப்பதால், வேர் இருப்பவருக்கு எதை எவ்வளவு கடிக்கிறோம் என்ற உணர்வும் ஓரளவு மிஞ்சுகிறது.

செய்முறை எளிது. அந்தப் பற்களுக்கு வேர் சிகிச்சை செய்து, ஈறுக்கு மேல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் விட்டு வெட்டி, உச்சியை உருண்டையாக்கி அடைத்துவிடுவோம். பல்செட் அதன்மேல் உட்காரும். உயரம் குறைந்தால் நெம்பும் விசையும் குறையும் என்பதால், சற்றே ஆடும் பல்கூட இதற்குப் பயன்படுவதுண்டு. கூடுதல் பிடிப்பு வேண்டுமென்றால் காந்தமோ குமிழோ பொருத்தலாம். கீழே ஒரு பல்லும் இல்லாதவர்களுக்கு இரண்டு இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) வைத்து அவற்றின்மேல் செட் கட்டுவதே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2002-இல் கூடிய வல்லுநர்கள் பரிந்துரைத்தார்கள். அப்படிப் பெரும் செலவில் வைக்கப்படும் இரண்டு தூண்கள் உங்கள் தந்தைக்கு இயற்கையாகவே இருக்கின்றன. பிற்காலத்தில் வேர் போனாலும் இம்பிளான்டுக்கான வழி பெரும்பாலும் அடைபட்டுவிடாது.

ஆனால் செட்டுக்கு அடியில் எச்சில் கழுவாத வேர் மிக விரைவாகச் சொத்தையாகும். தொழிலின் தொடக்கத்தில் ஒரு பாட்டிக்கு இப்படிச் செட் கட்டிக் கொடுத்தேன். வேரைத் துலக்கும் விதத்தை நான் போதிய அளவு சொல்லித்தரவில்லை. இரண்டே ஆண்டுகளில் இரண்டு வேர்களும் உளுத்துப்போயின. அந்தத் தவறு இன்றும் என்னை உறுத்துகிறது. ஆகவே இரவில் செட்டைக் கழற்றி வைக்க வேண்டும்; ஃபுளோரைடு பற்பசையால் வேரின் உச்சியையும் ஈறோரத்தையும் நாள்தோறும் துலக்க வேண்டும்; ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எக்ஸ்ரேயில் வேரின் பாதியளவாவது எலும்புக்குள் இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தந்தையின் கை நடுங்குமானால், தினமும் துலக்கிவிடப்போவது வீட்டில் யார் என்பதையும் இப்போதே முடிவுசெய்துகொள்ளுங்கள்.